ராடில் இருக்கும் எண்ணை எவ்வளவு நம்பலாம்? – ஃப்ளை தூண்டில் கேள்வி-பதில்

ராட், ரீல், லைன் பொருத்தம் பற்றி வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்தான்: மூன்றிலும் ஒரே எண் போட்டிருக்கிறது, ஆனாலும் வீசினால் ஒழுங்காகப் போகவில்லை. அதனால் அந்தக் கேள்வியையே முதலில் எடுத்துக்கொள்கிறோம்.

குன்னூர் வாசகர்: 9 அடி, 5 எண் ராட் வைத்திருக்கிறேன். லைனும் 5 எண். கடையில் இன்னொரு 5 எண் லைனைக் காட்டி, "இது அரை எண் கூடுதல், இதைப் போடுங்கள்" என்கிறார்கள். 5 என்றால் 5 தானே, அதென்ன அரை?

ஃப்ளை என்கிற செயற்கை இரைக்கு எடையே இல்லை, லைனின் எடைதான் ராடை வளைத்து அதை இழுத்துப் போகிறது. லைனில் இருக்கும் 5 என்பது தராசில் வைத்துப் பார்க்கக்கூடிய எடை. ராடில் இருக்கும் 5, அதைச் செய்தவர் "இந்த எடை லைன் இதற்குச் சரியாக இருக்கும்" என்று நினைத்து எழுதியது. லைனுக்கு இருப்பதுபோல, எல்லாத் தயாரிப்பாளர்களும் ஒப்புக்கொண்ட அளவு ராடுக்குக் கிடையாது.

லைன் எடைக்கான அட்டவணையை 1961-ல் அமெரிக்கத் தூண்டில் கருவித் தயாரிப்பாளர் சங்கம் வகுத்தது. நுனியில் ஒரே பருமனாக வரும் சிறு துண்டை விட்டுவிட்டு, அதையடுத்த 30 அடி என்ன எடை என்பதுதான் கணக்கு. அலகு கிரெய்ன். ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 15.4 கிரெய்ன். 3 எண்ணுக்கு 100, 4-க்கு 120, 5-க்கு 140, 6-க்கு 160, 7-க்கு 185, 8-க்கு 210, 9-க்கு 240, 10-க்கு 280 கிரெய்ன். 5 எண் லைன் 134 முதல் 146 வரை இருக்கலாம். கிராமில் சொன்னால் 9.1-ஐ ஒட்டி வரும்.

இப்போது விற்கும் பல லைன்கள் இந்த வரம்புக்குள் இல்லை. விறைப்பான ராடுகளைப் பெருவாரியாகச் செய்யத் தொடங்கியதும், சாதாரண 5 எண் லைன் அவற்றைப் போதுமான அளவு வளைக்கவில்லை. ராடின் எண்ணை மாற்ற யாருக்கும் மனம் வரவில்லை. லைனின் எடையைக் கூட்டிவிட்டு, பெட்டியில் மட்டும் 5 என்றே அச்சிட்டார்கள். "அரை எண் கூடுதல்" என்றால் 150 கிரெய்ன். "ஒரு எண் கூடுதல்" என்றால் 160, அதாவது அது முழுக்க முழுக்க 6 எண் லைன்தான். அதனால் பெட்டியின் முன்பக்கத்துப் பெரிய எண்ணை விட்டுவிட்டு, பின்பக்கம் பொடி எழுத்தில் "முதல் 30 அடி இத்தனை கிரெய்ன்" என்று இருக்கிறதா என்று தேடுங்கள். கூடவே "தலை"யின், அதாவது லைனின் தடித்த முன்பகுதியின், மொத்த எடையையும் பாருங்கள். 30 அடிக்கு 140 கிரெய்ன் இருக்கும் லைனில் 45 அடித் தலை முழுவதும் சேர்ந்தால் 200-ஐ ஒட்டி வரும். தலை முழுவதையும் வெளியே விட்டு வீசுகிறவருக்கு அந்த எண்தான் முக்கியம்.

பெட்டி தொலைந்துவிட்டதா? நகைக்கடைத் தராசு போதும், 0.1 கிராம் காட்டினால் சரி. நுனித் துண்டைக் கழித்து 30 அடியை அளந்து, ஒரு சின்ன நூல் முடிச்சால் அடையாளம் போடுங்கள். அதுவரை உள்ள லைனைச் சுருட்டித் தட்டில் வையுங்கள். மீதி லைன் தட்டின் விளிம்பிலிருந்து தொங்கக் கூடாது. தொங்கினால் அதன் எடையும் சேர்ந்துவிடும். தட்டின் உயரத்துக்கே ஒரு புத்தக அடுக்கு வைத்து மீதியை அதன்மேல் போடுங்கள். 9.1 கிராம் காட்டினால் நேர்மையான 5. 9.7 காட்டினால் ஐந்தரை. 10.4 என்றால் 6.

உங்களுக்கு எது பொருந்தும் என்பது வீசும் தூரத்தைப் பொறுத்தது. அட்டவணை 30 அடிக்கானது. ஓடையில் 20 அடி லைன் மட்டும் வெளியே இருந்தால் அதன் எடை 80, 90 கிரெய்ன்தான். ராட் அதை உணரவே உணராது. அங்கே அரை எண் கூடுதலான லைன் கைகொடுக்கும். அவலாஞ்சி, எமரால்டு போன்ற நீர்த்தேக்கக் கரையில் 40, 50 அடி வீச நினைத்தால் நேர்மையான 140 கிரெய்ன் லைனே மேல். தலையின் நடுப்பகுதி அடிக்குச் சுமார் 5 கிரெய்ன் கூடிக்கொண்டே போகும். 30-க்குப் பதில் 35 அடியை வெளியே விட்டாலே ராட் 6 எண் லைனைத் தூக்கிக்கொண்டிருக்கிறது. ஏற்கெனவே கூடுதல் எடையுள்ள லைனை இன்னும் நீட்டினால் ராட் துவண்டு, சுழல் (காற்றில் லைன் மடிந்து போகும் வளைவு) அகன்று, ஃப்ளை பின்னாலேயே விழும். (மீன்வளத் துறை, வனத் துறை அனுமதி வாங்கிய பிறகே இதெல்லாம்.)

மதுரை வாசகர்: இணையத்தில் பழைய ராட் ஒன்று மலிவாக வாங்கினேன். எண் அழிந்துவிட்டது. எந்த லைன் போடுவது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ராடைக் கிடைமட்டமாக மேசை விளிம்பில் பிடித்துக் கட்டுங்கள், கைப்பிடி அசையக் கூடாது. நுனி வளையத்தில் ஒரு சின்ன பாலித்தீன் பையைத் தொங்கவிட்டு, சில்லறைக் காசோ அரிசியோ கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். ராட் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு நுனி கீழே இறங்கியதும் நிறுத்துங்கள். 9 அடி ராடுக்கு 3 அடி. இப்போது பையை எடை போடுங்கள். அமெரிக்காவில் வில்லியம் ஹேன்மன் என்பவர் ஒரு சென்ட் நாணயங்களை வைத்து வகுத்த முறை இது.

அந்த எடையை வைத்துக்கொண்டு அட்டவணை தேட வேண்டாம். எண் தெரிந்த, நீங்களோ நண்பரோ வீசிப் பார்த்துத் திருப்திப்பட்ட இன்னொரு ராடை அதே மேசையில், அதே மாதிரி கட்டி எடை போட்டு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒரே நீளமாக இருந்தால் நல்லது. உங்கள் ராடுக்குக் கூடுதல் எடை தேவைப்பட்டால் ஒரு எண் மேலே, குறைவாகத் தேவைப்பட்டால் ஒரு எண் கீழே. பிறகு அந்த எண்ணில் இரவல் லைன் வாங்கிப் புல்தரையில் வீசிப் பாருங்கள். 30 அடியில் ராட் நடுவரை வளைந்து நிமிர்கிறதா என்பதே கடைசித் தீர்ப்பு. நுனி மட்டும் ஆடினால் லைன் லேசு. கைப்பிடி வரை வளைந்து நிமிரத் தயங்கினால் லைன் கனம்.

பழைய கண்ணாடியிழை ராடுகளைத் தொங்கவிடும் முன் விரலால் தடவிப் பாருங்கள். வெடிப்போ நசுங்கலோ இருந்தால் இந்தச் சோதனையிலேயே ஒடிந்துவிடும்.

நுவரெலியா வாசகர்: அப்பப்பாவுக்குத் தோட்டத்துத் துரை கொடுத்த பிளவு மூங்கில் ராட் ஒன்று வீட்டில் இருக்கிறது. கைப்பிடிக்கு மேலே "ஹெச்-டி-ஹெச்" என்று மை எழுத்து. இதற்கு இப்போதைய லைன் எது? அலுமினிய ரீல் போடலாமோ?

அந்த மூன்று எழுத்தும் பட்டு லைன் காலத்து அடையாளம். எழுத்து ஒவ்வொன்றும் பருமனைக் குறிக்கும். 'ஏ' என்றால் அங்குலத்தில் 0.060. அடுத்த எழுத்து ஒவ்வொன்றுக்கும் 0.005 குறையும். அப்படிப் பார்த்தால் 'டி' 0.045, 'ஹெச்' 0.025. இரு முனையும் மெல்லியதாக, நடுவில் தடித்ததாக இருக்கும் இரட்டைச் சரிவு லைன் என்று பொருள். பட்டு மட்டுமே இருந்தவரை பருமனைச் சொன்னால் எடையும் தெரிந்துவிடும். நைலானும் பிளாஸ்டிக் பூச்சும் வந்ததும் ஒரே பருமனுக்கு வெவ்வேறு எடை வந்து அந்தக் கணக்கு உடைந்தது. 1961-ல் எடை எண்ணுக்கு மாறியதற்கு அதுதான் காரணம்.

வழக்கமான பொருத்தம்: ஹெச்-டி-ஹெச் என்றால் இரட்டைச் சரிவு 6. ஹெச்-ஈ-ஹெச் என்றால் 5. ஹெச்-சி-ஹெச் என்றால் 7. இத்தனை வருடம் கிடந்த மூங்கில் என்பதால் 5-இல் தொடங்குங்கள். அது லேசாகத் தெரிந்தால் மட்டும் 6. "அரை எண் கூடுதல்" லைன் எதுவும் இதன் பக்கமே வரக் கூடாது. முன்பாரம் கூடிய முரட்டுத் தலை உள்ள லைனும் வேண்டாம். நீளமான, மெல்லச் சரியும் இரட்டைச் சரிவு லைன்தான் மூங்கிலின் நிதானத்துக்கு ஒத்துப்போகும்.

லைன் வாங்கும் முன் உலோக இணைப்பைப் பாருங்கள். ராடைப் பூட்டி லேசாக ஆட்டும்போது இணைப்பில் "டிக்" சத்தம் வந்தால் அது தளர்ந்திருக்கிறது. தளர்ந்த இணைப்போடு வீசினால் மூங்கில் பிளந்துவிடும். பிரிக்கும்போது முறுக்காதீர்கள். இரு கைகளையும் இணைப்பை ஒட்டி வைத்து நேராக இழுக்க வேண்டும்.

அலுமினிய ரீல் போடலாம், ஆனால் 100 கிராம் எடையுள்ள நவீன ரீல் இதற்கு லேசு. மூங்கில் ராடின் கனம் நுனிப் பக்கமே கூடுதல், அதனால் 150 கிராமுக்கு மேற்பட்ட பழைய "கிளிக்" ரீல்தான் பொருந்தும். ரீலின் பாதத்தை ராடின் இருக்கையில் வைத்துப் பார்த்தே வாங்குங்கள். பழைய வளைய இருக்கைகளில் சில நவீன ரீல்களின் தடித்த பாதம் நுழையாது. நுழையவில்லை என்று இருக்கையை அரம் போட்டுத் தேய்க்காதீர்கள், தேய்ப்பதானால் ரீல் பாதத்தைத் தேயுங்கள்.

டொரோண்டோ வாசகர்: கிராண்ட் ஆற்றில் பிரவுன் ட்ரவுட் பிடிக்க "5/6" ரீல் வாங்கினேன். பெட்டியில் "டபிள்யூஎஃப்-5-எஃப், 100 கஜம் பேக்கிங்" என்று இருக்கிறது. 100 கஜம் சுற்றியபின் லைன் முழுவதும் ஏறவில்லை, சட்டத்தில் உரசுகிறது. எங்கே தவறு?

பேக்கிங் என்பது லைனுக்கு அடியில் ரீலில் சுற்றும் மெல்லிய நூல். பெட்டியில் உள்ள கணக்கு முன்பாரம் உள்ள (டபிள்யூஎஃப்), 5 எண், மிதக்கும் (எஃப்) லைனுக்கானது. முதலில் மூன்று விஷயங்களைப் பாருங்கள். உங்கள் லைன் இரட்டைச் சரிவா? இரட்டைச் சரிவு லைன் கடைசி வரை தடிமனாக இருப்பதால் இடம் கூடுதலாகப் பிடிக்கும், பேக்கிங்கைக் கால் பங்காவது குறைக்க வேண்டும். பேக்கிங் 30 பவுண்டா? பெட்டியில் சொல்லும் கணக்கு பெரும்பாலும் 20 பவுண்டு டேக்ரான் நூலுக்கு. 30 பவுண்டு நூல் அதைவிடத் தடிமன். மூன்றாவது, தளர்வாகச் சுற்றியிருக்கிறீர்களா? இரண்டும் இல்லையென்றால் அநேகமாக இதுதான். தளர்வான பேக்கிங் இடத்தை அடைப்பது மட்டுமில்லை. பெரிய மீன் இழுக்கும்போது மேல் சுற்று அடிச் சுற்றுக்குள் புதைந்து, ரீல் சட்டென்று நின்று, டிப்பெட் (ஃப்ளையைக் கட்டும் மெல்லிய கடைசி நூல்) அறுந்துவிடும்.

அளவை ஊகிக்காமல் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. லைனின் நுனியை ரீலின் அச்சில் ஒரு துண்டு டேப்பால் ஒட்டி, லைன் முழுவதையும் முதலில் சுற்றுங்கள். இப்போது லைனின் பின்முனை வெளியே இருக்கும். அதில் பேக்கிங்கைக் கட்டி, விளிம்புக்கு 5, 6 மில்லிமீட்டர் மிச்சம் இருக்கும்வரை சுற்றி அறுத்துவிடுங்கள். உங்கள் ரீலுக்குத் தேவையான பேக்கிங் சரியாக அவ்வளவுதான். இனி எல்லாவற்றையும் தலைகீழாக்க வேண்டும். இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்: ஒரே ஒரு காலிச் சுருளுக்கு மாற்றி, அதிலிருந்து திரும்ப ரீலுக்கு ஏற்றினால் பழையபடி லைன் நுனியே உள்ளே போய்விடும். இரண்டு சுருள் வேண்டும். ரீலிலிருந்து முதல் சுருளுக்கு, அதிலிருந்து இரண்டாவதுக்கு, அதிலிருந்து ரீலுக்கு. லைன் வந்த பிளாஸ்டிக் சுருளும் ஒரு தண்ணீர்ப் பாட்டிலும் போதும்.

பேக்கிங்கை அச்சில் கட்ட ஆர்பர் முடிச்சு. அச்சு வழவழப்பாக இருந்தால் முடிச்சு அப்படியே வழுக்கிச் சுற்றும், அடியில் ஒரு சுற்று டேப் ஒட்டிவிடுங்கள். ஈரத் துணியால் பேக்கிங்கைப் பிடித்து, விரல் சுடும் அளவுக்கு இறுக்கமாகச் சுற்றுங்கள். அச்சின் அகலம் முழுக்க இடம்-வலமாக நீங்களே பரப்ப வேண்டும். ஃப்ளை ரீலில் தானாகப் பரப்பும் வசதி கிடையாது. லைன் ரீலின் அடிப்பக்கத்திலிருந்து வெளியேறி முதல் வளையத்துக்குப் போக வேண்டும்.

லைனைச் சுற்றும்போது அதன் பிளாஸ்டிக் சுருளைத் தரையில் படுக்கப் போடாதீர்கள். சுற்றுக்கு ஒரு முறுக்கு ஏறும், 27 மீட்டரும் ஏறியபின் வீசும்போதெல்லாம் சிக்கும். சுருளின் நடுவே ஒரு பென்சிலைச் செருகி யாரையாவது பிடிக்கச் சொல்லுங்கள், சுருள் உருண்டு லைனைத் தர வேண்டும். "இந்த முனை ரீலுக்கு" என்று ஒட்டியிருக்கும் துண்டைப் பிய்க்கும் முன் படித்துவிடுங்கள். முன்பாரம் உள்ள லைனைத் தலைமாற்றிக் கட்டினால் மெல்லிய பின்பகுதி முன்னால் வந்து, என்ன வீசினாலும் போகாது.

லைனின் பின்முனையில் வளையம் இருந்தால், பேக்கிங்கில் லைன் சுருளே நுழையும் அளவு பெரிய இரட்டை வளையம் போட்டுக் கோத்துவிடுங்கள். இரு வளையமும் ஒன்றையொன்று கைகோத்தாற்போல் நேராகப் படிய வேண்டும். ஒன்று மற்றதன் கழுத்தைச் சுற்றிச் சுருக்கினால் அங்கேயே வெட்டும். வளையம் இல்லாவிட்டால் ஆல்பிரைட் முடிச்சு அல்லது ஆணி முடிச்சு.

கொடைக்கானல் வாசகி: 4 எண் ராட், எட்டரை அடி. ரீல் கனமா லேசா இருக்க வேண்டும்? "சமநிலை" என்கிறார்களே, அதை எப்படிப் பார்ப்பது?

வெறும் ராடில் ரீலை மாட்டிப் பார்ப்பது வீண். லைன், பேக்கிங் எல்லாம் ஏற்றி, 25, 30 அடி லைனை நுனிவழியே தரையில் விட்டுவிட்டு, ராடை ஒற்றை விரல்மேல் நிறுத்துங்கள். கைப்பிடியின் முன்பகுதியில், வீசும்போது ஆட்காட்டி விரல் இருக்கும் இடத்தை ஒட்டி நின்றால் சரி. நுனி கீழே சாய்ந்தால் ரீல் லேசு, நாள் முழுக்க மணிக்கட்டு நுனியைத் தூக்கிக்கொண்டே இருக்கும். ரீல் பக்கம் சாய்ந்தால் அவ்வளவு தொந்தரவில்லை. ரீல் கைக்குக் கீழேயே இருப்பதால் வீச்சில் அது அதிகம் நகர்வதில்லை.

நவீன கார்பன் ராடாக இருந்தால் 100 முதல் 130 கிராம் ரீல் போதும். ராட் நீளம் கூடக் கூட ரீல் கனம் கூட வேண்டும். 10 அடி 4 எண் ராடுக்கு 5/6 ரீல் போடுவது தவறில்லை, பேக்கிங் கொஞ்சம் கூடுதலாக ஏறும், அவ்வளவுதான்.

பணத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ட்ரவுட்டுக்கு ரீல் என்பது லைனை வைத்துக்கொள்ளும் பெட்டி. அரைக் கிலோ மீனை விரலாலேயே அடக்கலாம். 4 எண் ராடுக்கு விமானப் பாகம்போலச் செதுக்கிய ரீல் வாங்கிவிட்டு மலிவு லைன் போடுவது, சுண்டைக்காய் கால்பணம் சுமைகூலி முக்கால்பணம் கதை. முதலில் லைன், பிறகு ராட், மிச்சத்தில் ரீல்.

நியூசிலாந்து, டாப்போ வாசகர்: டோங்கரீரோ ஆற்றுக்கு 8 எண் ராட். மிதக்கும் லைன் இருக்கிறது. மூழ்கும் லைனும் வேண்டும். அதே எண்ணா? தனி ரீல் வேண்டுமா?

அதே எண்தான். அட்டவணை எடையைத்தான் பார்க்கிறது. மூழ்கும் லைன் அதே எடையில் மெல்லியதாக இருப்பதால் ரீலில் இடம் மிச்சமாகும், காற்றையும் எளிதாகக் கிழிக்கும். அதனால் கையில் சற்று வேகமாகத் தெரியும். அதை "கனம் கூடிவிட்டது" என்று எண்ணி ஒரு எண் குறைக்க வேண்டாம்.

தனி ரீல் தேவையில்லை, உதிரி ஸ்பூல் போதும். வாங்கும் நாளிலேயே உதிரி ஸ்பூலையும் வாங்கிவிடுங்கள். மாடல் மாறியபின் பழைய ரீலுக்கு ஸ்பூல் கிடைப்பது குதிரைக்கொம்பு.

ஒரே எச்சரிக்கை: ஆழத்தில் கிடக்கும் மூழ்கும் லைனை அப்படியே தூக்கி வீசாதீர்கள். தண்ணீரின் பிடியும் லைனின் எடையும் சேர்ந்து ராடை ஒடித்துவிடும். தலைப்பகுதி நுனி வளையத்துக்கு அருகில் வரும்வரை இழுத்து, ஒருமுறை உருட்டி வீசி லைனை மேற்பரப்புக்குக் கொண்டுவந்து, பிறகு வீசுங்கள்.

பினாங்கு வாசகர்: தோமான் விரால் பிடிக்க 8 எண் ராட். உறவினர் இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த நல்ல லைன்தான், ஆனால் மதியம் ஆனதும் நூடுல்ஸ் மாதிரி துவண்டு வளையங்களில் ஒட்டுகிறது. ராடோடு பொருந்தவில்லையா?

எண் பொருந்துகிறது, தட்பவெப்பம் பொருந்தவில்லை. குளிர்நாட்டு லைனின் உள்நூலும் பூச்சும் 5, 10 டிகிரித் தண்ணீரிலும் விறைக்காமல் இருக்கும்படி மென்மையாகச் செய்யப்படுகின்றன. 30 டிகிரியில் அவை தொய்ந்து பிசுக்காகிவிடும். வளையத்தில் ஒட்டும் லைன் ஓடாது. நீங்கள் பலம் கூட்டி வீசுவீர்கள், சுழல் கெடும், பழி ராட்மேல் விழும்.

"வெப்பமண்டல" லைன் என்று கேட்டு வாங்குங்கள். பூச்சு கடினம், உள்நூல் விறைப்பு. அதையே குளிர்நாட்டுக்குக் கொண்டுபோனால் கம்பிச் சுருள்போல் சுருண்டு நிற்கும். தோமானுக்குப் பெரிய ஃப்ளை என்பதால் அரை எண் அல்லது ஒரு எண் கூடுதலான, தலை குட்டையான லைன் இங்கே நியாயமானது. படகிலிருந்து ஒன்றிரண்டு முன்-பின் வீச்சிலேயே ஃப்ளையைப் போட வேண்டியிருக்கும், 30 அடிக்கு மேல் காற்றில் வைத்துக்கொள்ள நேரம் இருக்காது. மீனின் பல்லுக்குத் தாங்கும்படி ஃப்ளைக்கு முன்னால் தடித்த கடி-லீடர் நூல் வைப்பதை மறக்காதீர்கள்.

கொசு விரட்டியை உள்ளங்கையால் தடவியபின் லைனைத் தொடாதீர்கள். அதிலுள்ள 'டீட்' பிளாஸ்டிக் பூச்சைக் கரைக்கும், லைன் வெடிக்கும். புறங்கையால் தடவிக்கொள்ளுங்கள்.

தூத்துக்குடி வாசகர்: பாரை பிடிக்க 10 எண் ஃப்ளை ராட் நண்பர் அனுப்பினார். என்னிடம் இருக்கும் ஸ்பின்னிங் ரீலையே மாட்டினால் என்ன?

மாட்டக் கூடாது. ஸ்பின்னிங்கில் ஈயமோ மரத்தில் செய்த மீன் இரையோ லைனை இழுத்துப் போகிறது. ஃப்ளை எடையற்றது, லைன்தான் அதை இழுத்துப் போகிறது. தடித்த ஃப்ளை லைன் ஸ்பின்னிங் ஸ்பூலில் கால்வாசிகூட ஏறாது. ஏறினாலும் ஸ்பூலின் உதட்டைச் சுற்றி உருவும்போது சுற்றுக்கு ஒரு முறுக்கு விழும். ராடின் முதல் வளையமும் சிறியது, கைப்பிடியும் ரீலுக்கு மேலே. எதுவும் ஒத்துவராது.

உங்களுக்கு வேண்டியது 10 எண்ணுக்கான, மூடிய டிஸ்க் பிரேக் உள்ள பெரிய அச்சு ரீல். ட்ரவுட்டுக்கு ரீல் பெட்டி என்று மேலே சொன்னோம். கடலில் கதை மாறுகிறது, பாரையை ரீல்தான் நிறுத்தும். 30 பவுண்டு பேக்கிங் 200 கஜமாவது ஏற வேண்டும். பெரும்பாரைக்கு ஆசைப்பட்டால் இந்த ராட் போதாது, 12 எண் வேண்டும்.

பிரேக்கை விரல் கணக்கில் வைக்காதீர்கள். ஸ்பிரிங் தராசை லைன் நுனியில் மாட்டி ரீலிலிருந்து நேராக இழுங்கள். உங்கள் சங்கிலியில் பலவீனமான கண்ணியின் தாங்குதிறனில் கால் பங்குக்கு மேல் போகக் கூடாது. 20 பவுண்டு டிப்பெட் என்றால் 5 பவுண்டு, அதாவது இரண்டேகால் கிலோ. "பாதி வைத்தால் என்ன" என்று தோன்றும். மீன் ஓடி ஸ்பூல் காலியாகும்போது சுற்றின் விட்டம் குறைகிறது. விட்டம் பாதியானால் அதே பிரேக் இரண்டு மடங்கு இழுக்கும். வெளியே போன லைனைத் தண்ணீர் பிடித்திழுப்பது வேறு. 5 பவுண்டில் தொடங்கியது 10-ஐத் தாண்டியிருக்கும், நீங்கள் குமிழைத் தொட்டிருக்கவே மாட்டீர்கள். பெரிய அச்சு வேண்டும் என்பதற்கும் இதுதான் காரணம், விட்டம் அவ்வளவு சீக்கிரம் குறையாது.

வீட்டுக்கு வந்ததும் பிரேக்கை இறுக்கிவிட்டு நன்னீரில் மெல்லக் கழுவுங்கள், பீய்ச்சி அடித்தால் உப்பு உள்ளே போகும். துடைத்துக் காய்ந்தபின் பிரேக்கை முழுக்கத் தளர்த்தி வையுங்கள். இறுக்கமாகவே கிடந்தால் தகடுகள் ஒட்டி, அடுத்த முறை முதல் இழுப்பில் வெட்டி வெட்டிப் போகும். மன்னார் வளைகுடா தேசியப் பூங்காத் தீவுகளின் பக்கம் போக வேண்டாம், அங்கே மீன்பிடிக்கத் தடை.

சுருக்கமாகச் சில:

வலது கையால் வீசுகிறேன், எந்தக் கையால் சுற்றுவது? (சேலம்) – இடது கையால். மீன் மாட்டியதும் ராடைக் கை மாற்ற வேண்டியிருக்காது. பெரும்பாலான ரீல்களில் ஒருவழி பேரிங்கைத் திருப்பிப் போட்டால் பக்கம் மாறும். லைனை ஏற்றும் முன்பே மாற்றுங்கள். பிறகு மாற்றினால் எல்லாவற்றையும் உருவித் திரும்பச் சுற்ற வேண்டும்.

"5/6" என்று ராடில் இருந்தால்? (கண்டி) – முன்பாரம் உள்ள லைன் என்றால் 6, இரட்டைச் சரிவு என்றால் 5 என்பது பழைய வழக்கம். இரட்டைச் சரிவில் நீங்கள் அதிக லைனை காற்றில் வைத்திருப்பீர்கள் என்ற கணக்கு அது.

ஒரே ரீலை 5 எண், 8 எண் ராடுகளுக்கு மாற்றி மாற்றிப் போடலாமா? (கோவை) – ஸ்பூல் மாற்றினால் முடியும், ஆனால் 8-க்கான ரீல் 5 எண் ராடில் பாறாங்கல். 5, 6 இரண்டுக்கும் ஒன்று, 7, 8 இரண்டுக்கும் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

லைன் நுனி மட்டும் மூழ்குகிறது, புது லைன் வாங்க வேண்டுமா? (மூணாறு) – முதலில் கழுவுங்கள். இளஞ்சூட்டு நீரில் இரண்டு சொட்டு மென்சோப்பு, மெல்லிய துணியில் மடித்து இழுங்கள், நல்ல தண்ணீரில் அலசுங்கள். பாத்திரம் தேய்க்கும் கடும் திரவம் வேண்டாம், பூச்சின் வழுவழுப்பை எடுத்துவிடும். கழுவியும் மூழ்கினால் முனை வளையத்தின் அடியில் வெடிப்பு இருக்கும், அதுவழியாகத் தண்ணீர் உள்நூலுக்குள் ஏறுகிறது. அந்த ஓரிரு அங்குலத்தை வெட்டிவிட்டு ஆணி முடிச்சால் லீடரை (லைனையும் ஃப்ளையையும் இணைக்கும் நூல்) கட்டுங்கள். இரட்டைச் சரிவு லைனாக இருந்தால் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம், மறுமுனை புதிதாகவே இருக்கும்.